பதினாலு மணி நேர இருட்டு

நோயல் அண்ணா மொட்டைமாடியில் அந்த விளக்கைப் போட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஆஸ்டின் டவுனில் எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவே இருப்பது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். மைதானத்துக்குப் போடுகிற மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு ஃபோகஸ் லைட். பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்தால்தான் அணையும். அதில் பாதி வெளிச்சம் அவர் செடிக்கு, மீதிப் பாதி என் கட்டிலுக்கு. நான் தையல்காரி, துணிக்குப் பஞ்சமில்லை. ஜன்னல் திரையை இரட்டைத் துணியாகத் தைத்துப் போட்டேன். அப்படியும் கண்ணை மூடினால் இமைக்குள் வெளுப்பாகவே இருந்தது.

போய்ச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அந்த விளக்கு எதற்கு என்று தெருவுக்கே தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றில் தோட்ட சூப்பர்வைசர் வேலை. ஊரான் வீட்டுப் புல்லை நாளெல்லாம் சீர் செய்துவிட்டு வந்து, தன் மாடியில் கிறிஸ்துமஸ் செடி வளர்ப்பார். பாய்ன்செட்டியா என்று நர்சரியில் சொல்வார்கள். சிவப்பாகப் பெரிய பூ மாதிரி தெரிவது உண்மையில் பூவே இல்லை, நுனி இலைதான். நடுவில் கடுகு கடுகாய் மஞ்சளாக இருக்கிறதே, பூ அதுதான். பதினெட்டு வருஷமாக டிசம்பர் இருபத்துநாலாம் தேதி அறுபது தொட்டி இந்த மாடியிலிருந்து சர்ச்சுக்கு இறங்கும். பீடத்தின் படிகள் சிவப்பாக நிற்கும். அவர் அம்மா செத்த வருஷம் வேண்டிக்கொண்டது அது. மனுஷர் ஒரு சிகரெட் கிடையாது, ஒரு சினிமா கிடையாது. வருஷத்தில் அந்த ஒரு ராத்திரி பூசையில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படியைப் பார்ப்பதுதான் அவருக்கு எல்லாம்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பதினோரு தொட்டி காணாமல் போயின. மாடிக்குப் படி ஒன்றுதான். அது கீழ்வீட்டு வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது. கீழ்வீட்டில் மனைவி சோஃபியாவோடு இருப்பது அவர் தம்பி நீல். கம்பெனி கேப் ஓட்டுகிறவன். அந்த மாதம்தான் அவன், "வண்டில வர்ற பசங்க கேக்கறாங்கண்ணே, ரெண்டு மூனு தொட்டி குடு" என்று கேட்டிருந்தான். அண்ணாவுக்கு அது போதுமாக இருந்தது. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். இந்த வருஷம் செப்டம்பரில் மாதா திருநாள் முடிந்ததும் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது, விளக்கும் வந்தது. விளக்கை மாட்டிய கோணத்தைப் பார்த்தால் செடியைவிடப் படிக்கட்டின் மேல்தான் கண் அதிகம்.

பவுலின்க்கா, அவர் மனைவி, நர்சிங் ஹோமில் ஆயா. மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி எட்டு வரை டியூட்டி. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். டாக்டரே அவளைக் கண்டால் நடையை எட்டிப் போடுவார் என்று கேள்வி.

விளக்கு வந்த வாரம் அண்ணா செடிகளுக்கு நுனி கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளிய இடத்தில் பால் சொட்டும், பட்டால் அரிக்கும். அக்கா பாத்திரத்தில் அரிசி களைந்தபடி நின்று கேட்டாள்.

"ஏங்க, நல்லா மேல வளருது. அத ஏன் கிள்றீங்க?"

"கிள்ளினாத்தான் பக்கத்துல கிளை வுடும்."

"கிள்ளாட்டி?"

"வுடாது. ஒத்தையா ஏறிட்டே போவும்."

"அதான் ஏன்னு கேக்கறேன். கிளை வுடற எடம் இங்க கீழ இருக்கு. நீங்க கிள்றது மேல. கீழ இருக்கறதுக்கு எப்படித் தெரியும், மேல ஆள் போயிட்டாருன்னு?"

"பவுலின், டியூட்டிக்கு டைம் ஆயிதா இல்லியா?"

பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் அண்ணாவிடம் இருந்தது இந்த ஒரே பதில்தான். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் முழுக்க மழை. ஈரத்துணியும் மாடிப்பாசியுமாக நாள் போயிற்று. எப்போதும் அந்த மாதக் கடைசியில் நுனி இலைகளில் இலேசாகச் சிவப்பு ஓடத் தொடங்கும். இந்த வருஷம் செடிகள் புஷ்டியாக, கரும்பச்சையாக நின்றன. ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. அண்ணா உரத்தை மாற்றினார். பொட்டாஷ் வைத்தார். அபார்ட்மெண்ட்டில் மிச்சமான மருந்தைக் கொண்டுவந்து தெளித்தார். இலை இன்னும் பளபளத்ததுதான் மிச்சம்.

அப்புறம் அவர் மனசு போன வழியில் போயிற்று. யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், யாரோ உப்பு போடுகிறார்கள். யாரோ என்றால் யார்? என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு விளக்கு வாங்கி எதிர்மூலையில் மாட்டினார். நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குக் குடிபோனேன்.

அந்த ஞாயிறு சர்ச் கமிட்டி ஃபிராங்க்ளின் வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான், எதையும் பட்டென்று சொல்லிவிடுவார்.

"நோயல், தப்பா நெனைக்காதப்பா. சிக்பேட்டைல துணிப்பூ வந்திருக்கு, அசல் இதே மாதிரி. தொவைச்சு எடுத்து வச்சா பத்து வருஷம் வரும். கமிட்டில எல்லாரும் அதான் சொல்றாங்க. டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு வந்து பாப்பேன். செவந்திருந்தா உன் செடி. இல்லாட்டி துணிப்பூ வாங்கிடுவோம். ஒருவாட்டி வாங்கிட்டா அப்பறம் உனக்கும் செரமம் இல்ல."

செரமம் இல்லை என்று அவர் சொன்னபோது அண்ணாவின் முகத்தை நான் பார்த்தேன். அறைந்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் பவுலின்க்கா சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள். "பாகி, பாகீரதி! ஓடியா, இத்தப் பாரு."

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இடமில்லாமல் நகர்த்தி வைத்திருந்த நாலு தொட்டி. மூன்றில் நுனி இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. நாலாவதுதான் விசித்திரம். டேங்கை ஒட்டிய பாதி சிவப்பு, வெளிப்புறம் நீட்டிய பாதி பச்சை. ஒரே செடி, ஒரே வேர், ஒரே தண்ணீர்.

"யாரோ மருந்து ஊத்தினா பாதிச் செடிக்கு மட்டும் எப்படி ஊத்துவான்?" என்றாள் அக்கா.

"எனக்கென்னக்கா தெரியும், ப்ளவுஸ் கேளுங்க சொல்றேன்."

"வெயில் இல்லாததாலயா? வெயில் இந்தப் பக்கமும் வருதே, காலைல. இரு இரு."

அன்றைக்கு அவளுக்கு வார லீவு. பொழுது சாய்ந்து இரண்டு விளக்கும் எரிந்ததும் என் தையல் மேசையிலிருந்து சாக்கட்டியை எடுத்துப்போய் டேங்கின் நிழலைத் தரையில் கோடு கிழித்தாள். காலையில் இருவரும் பார்த்தோம். சிவந்த மூன்று தொட்டியும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. பாதி சிவந்தது கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கோடு அந்தச் செடியின் நடுவே போயிற்று. எனக்குச் சிலிர்த்துவிட்டது. மாடியில் அத்தனை பச்சைக்கும் நடுவில் சாக்கட்டியால் எல்லை போட்ட மாதிரி அந்தச் சிவப்பு.

அண்ணா வந்து பார்த்து, "அது சீக்குச் செடி" என்றார். குரலில் தெம்பில்லை.

அக்கா விடவில்லை. ஓசூர் பக்கத்துப் பசுமைக்கூடத்தில் சூப்பர்வைசராக இருக்கும் சரவணனிடம்தான் வருஷா வருஷம் கன்று வாங்குவது. அவனுக்கு ஃபோனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, ராத்திரில லைட்டு ஏதாச்சும் எரியுதா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

அக்கா அண்ணாவைப் பார்த்தாள். அண்ணா டேங்கைப் பார்த்தார்.

"எரியுது. ரெண்டு."

"போச்சு. அக்கா, அது செவக்கறதுக்கு இருட்டுதான் வேணும். நாங்க இங்க அஞ்சு மணிக்கெல்லாம் கறுப்புத்துணி இழுத்து மூடிருவோம்."

"இருட்டுல அது என்னா பண்ணும்?"

"எண்ணும்."

"எத்த எண்ணும்?"

"நேரத்தத்தான். இலை எண்ணுதுக்கா. பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல வுடாம இருட்டு இருந்தா, சரி, காலம் வந்துருச்சுன்னு இலைக்குள்ள ஒன்னு தயாராகும். அது அங்கேந்து கிளம்பி நுனிக்குப் போவும். போய், பச்சை போதும், இனிமே பூ வேலையப் பாருன்னு சொல்லும். நடுவுல லைட்டப் போட்டுட்டா எண்ணினது வீண். மொதல்லேந்து எண்ணணும். ராத்திரி பூரா எரிஞ்சா எண்ணவே ஆரம்பிக்காது."

"இலைல தயாராகி நுனிக்குப் போவுதா? நடந்தா போவுது?"

"சாறுல போவுதுக்கா. ஹார்மோன் மாதிரி. ட்ரெயினிங்ல ஃப்ளோரிஜென்னு ஒரு பேரு சொன்னாங்க."

அக்கா வாயில் கைவைத்தாள். மூன்று வருஷமாக விடிகாலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவள். கடுகை விடக் கொஞ்சம் பெரிய அந்த மாத்திரையை மறந்தால் உடம்பு முழுக்கச் சுமையாகிவிடும்.

"செடிக்கும் தைராய்டா சரவணா?"

அவன் சிரித்தான். "தைராய்டு இல்லக்கா, ஆனா கதை ஒன்னுதான். துளியூண்டு இருக்கும், அது சொன்னாத்தான் நடக்கும்."

"அப்ப இந்த நுனி கிள்றது? அது என்னாது?"

"அது வேற ஆளு. ஆக்சின். நுனில சுரந்து கீழ எறங்கி வரும். அது வந்துட்டே இருக்கற வரைக்கும் கீழ இருக்கற மொட்டு எதுவும் எந்திரிக்காது. நுனியக் கிள்ளிட்டா வரத்து நின்னு போவும், அப்பாடான்னு எல்லாம் எந்திரிக்கும்."

"எங்க வூட்டு மூத்தவரு மாதிரி" என்றாள் அக்கா. நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன். அண்ணா சிரிக்கவில்லை, ஃபோனைக் கையில் வாங்கினார்.

"தம்பி, இன்னிக்கே லைட்ட எடுத்துட்டா கிறிஸ்துமஸுக்கு வருமா?"

சரவணன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "ஏழரை வாரம் இருக்கு. கஷ்டம்தாங்க. ஒரு மாசம் வீணாயிருச்சு. சும்மா லைட்ட அணைச்சாப் போதாது. சாயந்திரம் அஞ்சுலேந்து காலைல ஏழு வரைக்கும் பதினாலு மணி நேரம் மூடணும். ஒருநாள்கூட வுடக்கூடாது. வுடாம செஞ்சா ஓரளவு வரும்."

அண்ணா அப்போதே ஏணியைப் போட்டு இரண்டு விளக்கையும் கழற்றினார். நான் என் கட்டிலுக்குத் திரும்பினேன், ஆண்டவனுக்கு ஸ்தோத்திரம். என்னிடமிருந்த கறுப்பு லைனிங் துணியை இரட்டையாக மடித்து உட்கார்ந்து தைத்தேன். அவர் மூங்கிலில் சட்டம் கட்டினார். எல்லாம் ஆயிற்று. ஆனால் அஞ்சு மணிக்கு இழுத்து மூடுவது யார்? அண்ணா சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி வர ஏழாகும். அக்காவுக்கு எட்டு. எனக்கு இடுப்பு பெல்ட், கனம் தூக்கக்கூடாது. அஞ்சு மணிக்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே தெம்பான ஆள், ராத்திரி டியூட்டி முடித்துப் பகலில் தூங்கி, ஆறு மணிக்கு வண்டி எடுக்கிற நீல்.

"நீங்கதான் கேக்கணும்" என்றாள் அக்கா. "நான் கேட்டா அவன் செஞ்சிருவான். அது நல்லாயிருக்காது."

மறுநாள் கல்லறைத் திருநாள். ஓசூர் ரோட்டுக் கல்லறைக்கு அண்ணனும் தம்பியும் வேறு வேறு நேரத்தில் போய்விட்டு வந்தார்கள். அண்ணா போனபோது தம்பி அம்மா கல்லறையைக் கழுவி, செண்டுமல்லி வைத்துவிட்டுப் போயிருந்தானாம், மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்ததாம். திரும்பி வந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

திங்கள் காலை நான் வாசலில் பால் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன். நீல் வண்டியை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அண்ணா மேலிருந்து இறங்கி வந்தார். பத்து மாதத்துக்கு அப்புறம் பேசப்போகிறார்கள் என்று தெரிந்தது. நான் பால் பாக்கெட்டை எண்ணினேன். இரண்டுதான், ஆனால் ரொம்ப நேரம் எண்ணினேன்.

"நீலு."

நீல் நிமிரவில்லை. "என்னாண்ணே. இன்னிக்கு எத்தன காணோம்?"

"காணோம்னு வரல. ஒரு வேலை இருக்குது." அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு, இலை, எண்ணுவது, அஞ்சு மணி. ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார்.

நீல் கேட்டுக்கொண்டே டீயை முடித்தான். "அப்ப என்னைப் புடிக்கறதுக்குப் போட்ட லைட்டு உன் செடியக் கெடுத்திருச்சு."

"ஆமா."

"நல்லா வேணும்."

"ஆமா."

"நீ எடுத்தியாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கல. என் வாசப்படி மேல லைட்டு போட்ட. சோஃபியா காலைல வாசல்ல தண்ணி தெளிக்க வெளிய வரவே கூசினா தெரியுமா?"

"இப்ப கேக்கறேன்."

"இப்ப கேக்காத. இப்ப உனக்கு வேலை ஆவணும். நான் என்னா சொன்னாலும் நம்புவ."

உள்ளேயிருந்து நீலின் மனைவி சோஃபியாவின் குரல் வந்தது. "காலங்காத்தால வாசல்லயே பஞ்சாயத்தா? எதுனா முடிவு பண்ணுங்க, தோசை ஆறுது."

அண்ணா பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்து நீட்டினார். நீல் அதைப் பார்த்தான், வாங்கவில்லை.

"சாவி பேடா, வேணாம். சாவியக் குடுத்தா நான் உனக்கு வாட்ச்மேன். பூட்டக் கழட்டு. பூட்டு இல்லாட்டி நானும் இந்த வூட்டு ஆளு. அப்ப வந்து மூடறேன்."

அண்ணா அப்படியே திரும்பி மாடி ஏறினார். பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்றிலிருந்து தினமும் அஞ்சு மணிக்கு நீல் தூக்கக் கண்ணோடு மேலே வருவான். மூங்கில் சட்டத்தின் மேல் கறுப்புத்துணியை இழுத்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து, கீழே குனிந்து எங்கேயாவது வெளிச்சம் நுழைகிறதா என்று பார்ப்பான். காலை ஏழு மணிக்கு அண்ணா திறப்பார். ஒருவர் வேலை செய்த தடயத்தை இன்னொருவர் பார்ப்பார், ஆளை ஆள் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில்கூட அஞ்சு மணிக்கு அண்ணா கீழேயே உட்கார்ந்திருப்பார். தான் போய் நின்றால் மேற்பார்வை பார்க்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

ஒரு வியாழக்கிழமை பகலில் திடீரென்று வந்த ஏர்போர்ட் ட்ரிப்பில் நீல் மாட்டிக்கொண்டான். நாலே முக்காலுக்கு சோஃபியாவுக்கு ஃபோன். தூறல் வேறு. சோஃபியாவும், பெல்ட் போட்ட நானும் நனைந்த துணியோடு மல்லுக்கட்டினோம். கல்லாய்க் கனத்தது. மூடி முடித்தபோது அஞ்சு பத்து. "பத்து நிமிஷம் போச்சே, எண்ணிக்கை தப்பிடுமா பாகிக்கா?" என்று அவள் அழாத குறையாகக் கேட்டாள். "அஞ்சு மணிக்கு இன்னும் பொழுதே சாயல, அதுக்கு என்னாடி தெரியும், இனிமேதான் ஒன்னுன்னு ஆரம்பிக்கும்" என்றேன். எனக்கே அந்த விஷயத்தில் கொஞ்சம் ஞானம் வந்திருந்தது.

நவம்பர் கடைசியில் நீல் சுவரைத் தட்டிக் கூப்பிட்டான். ஒரு நுனியைக் காட்டினான். பச்சை இலையின் நரம்பு மட்டும் சிவந்திருந்தது.

"நேத்து இல்லக்கா. நான் தெனம் பாக்கறேன், நேத்து சத்தியமா இல்ல. எப்படி இதுக்குத் தெரியுது? நான்தான் மூடறேன், எனக்கே ராத்திரி எது பகல் எதுன்னு தெரியல." முகமெல்லாம் ஆச்சரியம். "அண்ணன் கிட்ட சொல்லாதீங்க. அவரே பாக்கட்டும்."

மறுநாள் காலை அண்ணா துணியை விலக்கிவிட்டு ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். அப்புறம் கீழே போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்றார். "இப்பதான் படுத்தாரு, எழுப்பட்டுமா?" என்றாள் சோஃபியா. "வேணாம் வேணாம், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, சாயந்திரம் நாலே முக்காலுக்கு ஃபிராங்க்ளின் வந்தார். வேறு வழியில்லாமல் அண்ணாவும் மாடி ஏறினார். பவுலின்க்கா லீவு போட்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நீல் ஏற்கெனவே மேலே இருந்தான், துணியை உதறிக்கொண்டு.

முழுச்சிவப்பு என்று பொய் சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் நல்ல சிவப்பு. சிலது இன்னும் பச்சையும் சிவப்புமாகக் கலங்கி நின்றன. ஆனால் இன்னும் பத்து நாள் இருந்தது. மங்கல் வெயிலில் அந்த மாடி நன்றாகத்தான் இருந்தது.

ஃபிராங்க்ளின் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார். "பிரமாதம்ப்பா! அன்னிக்கு ஒன்னுமே இல்லியே. என்னா மருந்து அடிச்ச?"

"மருந்து இல்ல" என்றார் அண்ணா. "தெனம் அஞ்சு மணிக்கு மூடி வெக்கணும். தம்பி மூடினான்."

"எந்தத் தம்பி?" ஃபிராங்க்ளின் சந்தேகமாகக் கேட்டார். சண்டை சர்ச்சுக்கே தெரிந்த விஷயம்.

"எனக்கு எத்தன தம்பி இருக்கானுங்க? என் தம்பிதான். நாப்பது நாளா அவன்தான் மூடினான். நான் அவனைத் திருடன்னு நெனச்சேன்." கடைசி வார்த்தையில் அண்ணாவின் குரல் உடைந்தது. எங்களுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொண்டார்.

ஃபிராங்க்ளின் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பவுலின்க்கா எதையோ கேட்க வாயெடுத்து, அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்காமல் விட்டாள். நீல் குனிந்து துணியின் ஒரு முனையைத் தேடி எடுத்தான்.

"சார், கொஞ்சம் நகருங்க" என்றான் ஃபிராங்க்ளினிடம். "அண்ணே, அஞ்சாயிருச்சு. அந்தப் பக்கம் புடி."

நோயல் அண்ணா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைப் பிடித்தார்.